காது மெஷினுக்கு வைத்த சந்தனம்

என் அக்காவை முதன்முதலில் செவிடி என்று கூப்பிட்டவர் யார் என்று தெரிந்தால் இன்றைக்கும் போய்ச் சண்டை போடுவேன். அவள் செவிடி இல்லை. சின்ன வயதில் அம்மை போட்டு, காதில் சீழ் வடிந்து, அதற்கு வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றி ஊற்றி, கேட்பதில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி அவளிடம்தான் இருந்தது. மலாய்க்காரரும் சீனரும் நம்மவரும் கலந்து வாழ்ந்த காஜா பெராங்கில், எங்கள் தெருவில் அந்தப் பாதியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஒன்று, காதருகே வந்து தொண்டை கிழியக் கத்துவார்கள். இல்லாவிட்டால் அவளை எதிரிலேயே உட்காரவைத்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேசுவார்கள். எதிரே நின்று முகம் பார்த்து நிதானமாகச் சொன்னால் அவள் வாயசைவையும் சத்தத்தையும் சேர்த்துப் புரிந்துகொள்வாள். அதற்குத்தான் ஒருவருக்கும் பொறுமை கிடையாது.

நாங்கள் இருவரும் ஊரிலிருந்த, பெண்களுக்கான ஓர் ஆங்கிலப் பள்ளியில் படித்தோம். அங்கே டீச்சர்கள் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துவார்கள். அக்கா பின்தங்கினாள். வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் போய்வந்தேன். சாயங்காலம் நான் பையை இறக்குவதற்குள் என் புத்தகங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பல நாள் என் கணக்குகளை எனக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

நாடு சுதந்திரம் அடையப்போகிறது என்றதும், அப்பா கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்த ரப்பர் கம்பெனியின் துரை சீமைக்குக் கிளம்பினார். போகும்போது வீட்டுச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஒருவருக்குச் சாய்வு நாற்காலி, ஒருவருக்குத் தையல் மெஷின். அப்பாவுக்குக் கிடைத்தது, துரையின் காலமான தாயார் மாட்டியிருந்த காது மெஷின். சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் காதில் செருகும் மொட்டு. பெட்டியின் முகத்தில் இருக்கும் பொடித் துளைகள் வழியாகத்தான் சத்தம் உள்ளே போகிறது, நெஞ்சில் வெளியே தெரியும்படி மாட்ட வேண்டும், தண்ணீரும் எண்ணெயும் படக்கூடாது, முக்கியமாக யாரும் கத்தக்கூடாது என்று துரைசானி அப்பாவிடம் விளக்கிச் சொல்லியிருந்தார். சந்தனம் படக்கூடாது என்று அந்த அம்மாளுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

முதல் நாள் அம்மா கடுகு தாளித்தாள். கடுகு இவ்வளவு சத்தம் போடுமா என்று அக்கா அடுப்படிக்கு ஓடிவந்தாள். மெஷின் மாட்டினால் நல்ல காது வந்துவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. அது எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகப் பெரிதாக்கியது. பேச்சோடு காக்கையும், தெருவில் போகிற லாரியும், அவளுடைய சட்டை பெட்டியில் உரசுவதும் சேர்ந்து வந்தன. மொட்டு வேறொருவர் காதுக்குச் செய்தது என்பதால் அடிக்கடி நழுவி, கீச்சென்று கத்தும். தலை வலிக்கிறது என்பாள். ஆனாலும் கழற்றமாட்டாள். எது பேச்சு, எது இரைச்சல் என்று மெல்ல மெல்லப் பிரித்துக் கேட்கப் பழகினாள். விடுமுறை முடிந்ததும் அழைத்து வாருங்கள், சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறோம் என்று பள்ளியில் சம்மதித்தார்கள். அவள் அந்த ஒன்றைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் சைக்கிள் வந்தாலும் ரேடியோ வந்தாலும் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். காது மெஷினுக்கும் வைத்தார்கள். அதோடு விட்டார்களா? வெள்ளிக்கிழமை தோறும் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, குளிரக் குழைத்த சந்தனத்தில் ஒரு பொட்டு. பெட்டிக்கு நடுவில், அந்தத் துளைகள் மேலேயே. மறுநாள் காய்ந்ததைத் துடைத்துவிடுவார்கள். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே இறங்கியது இறங்கியதுதான்.

சத்தம் குறைகிறது என்று அக்கா சொன்னாள். பேட்டரியாக இருக்கும் என்றார் அப்பா. தெங்கேராவில் ஒரு சீனர் கடையில் புதிது வாங்கிப் போட்டும் சரியாகவில்லை. நீ கவனிப்பதில்லை என்று அவள்மேலேயே பாய்ந்தார்.

சோதனைக்குப் போன அன்று அம்மா விசேஷமாகப் பெரிய பொட்டாக வைத்து அனுப்பினாள். வெள்ளைக்காரத் தலைமை ஆசிரியை அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று, உன் பழைய வகுப்புத் தோழிகள் பெயரைச் சொல் என்றார். அக்கா முகத்தைப் பார்க்கத் திரும்பினாள். திரும்பக்கூடாது என்று தலையைப் பிடித்து நேராக வைத்தார்கள். மறுபடி கேட்டார்கள். அவள் மொட்டைக் காதுக்குள் இன்னும் அழுத்திக்கொண்டாள். மெஷின் போட்டும் இந்தப் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் பணிவாகத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கூடத்தில் உட்கார்ந்து, கொண்டை ஊசியால் அந்தத் துளைகளைக் கிளறினாள். உள்ளேயிருந்து சந்தனப் பொருக்கு மடியில் கொட்டியது. மெஷினை மாட்டிக்கொண்டாள். நான் பின்னால் போய் நின்று அதே கேள்வியைச் சாதாரணக் குரலில் கேட்டேன். ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அடுப்படியில் அப்பா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் குரலைக்கூடத் தணிக்கவில்லை. உஜோங் பாசிரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடலாம், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் காது எதற்கு என்றார். குழந்தை அழுதால் யாருக்குக் கேட்க வேண்டுமாம்?

அக்கா எழுந்து போய் உள்ளங்கையை நீட்டினாள். அதில் சந்தனப் பொருக்கு இருந்தது.

"அப்பா, எனக்குக் கேக்குது. இதுதான் அடச்சிக்கிட்டு இருந்துச்சு. நாளைக்கு இன்னொரு தடவ கூட்டிட்டுப் போங்க."

நல்லதுக்குத்தானே வைத்தேன் என்று அம்மா முணுமுணுத்தாள். அப்பா பொருக்கைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"சந்தனம் வச்சுக் கெடுத்துட்டோம்னு அந்த வெள்ளக்காரிகிட்டப் போய் நிக்கச் சொல்றியா? சிரிப்பாங்க. வேணாம், விடு."

இனி வெள்ளைக்காரனுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அப்பாவும்தான் பேசினார், அதுவும் உரக்க. மகளைச் செவிடி என்று சொன்னபோது வராத வெட்கம் ஒரு சந்தனப் பொட்டுக்கு வந்துவிட்டது.

அக்கா மொட்டைக் காதிலிருந்து எடுத்தாள். வயரைச் சுற்றி, பெட்டியை அப்பாவின் கையில் வைத்தாள்.

"அப்ப இது எனக்கு வேணாம்பா. நீங்க பேசுறத மட்டும் கேக்கிறதுக்கு எனக்கு மெஷின் எதுக்கு?"

அப்பா ஏதேதோ சொல்ல ஆரம்பித்தார். முதலில் அதட்டினார், பிறகு குரல் இறங்கிக் கெஞ்சுவது போலாகிவிட்டது. அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.