எந்த மீனிலும் சேராத மணம்

கழுவாமல் மூடிவைத்த மீன்சட்டியை இரண்டு நாள் கழித்துத் திறந்தால் முதல் மூச்சில் ஏறுமே, அந்த மணம்தான். ஆனால் இன்னும் கொஞ்சம் உலர்ந்து, இன்னும் கொஞ்சம் கூர்மையாகி, மூக்கின் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டு இறங்க மறுப்பது. எனக்கு ஒன்பது வயதாக இருந்த ஒரு வாடைக் காற்றுக் காலத்தில் அது எங்கள் வீட்டு “ஹோலுக்குள்” வந்தது. மன்னார்த் தீவில், பேசாலைக்குச் சற்று இப்பால், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த வீடு. அப்பாவுக்கு வள்ளம், மாமிக்குக் கருவாடு, கொல்லைக்குப் போனால் வலை, முற்றத்துக்கு வந்தால் நெத்தலி. அப்படிப்பட்ட வீட்டில் மீன் மணக்கிறது என்று ஒருவர் முறையிடுவதே வேடிக்கை என்று நீங்கள் நினைக்கலாம். அம்மா அப்படி நினைக்கவில்லை.

அம்மாவுக்கு அந்த ஹோல் ஒரு கௌரவப் பிரச்சினை. கடற்றொழில் செய்கிற வீட்டிலும் நான்கு கதிரைகளும் ஒரு கண்ணாடி அலுமாரியும் மாதா படமும் உள்ள ஓர் அறை கடல் மணமே இல்லாமல் இருக்க முடியும் என்பதை ஊருக்குக் காட்டுவதற்காகவே அவர் வாழ்ந்தார் என்று சொன்னால் மிகையாகாது. கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் குளிக்காமல் அப்பாவால் அதற்குள் கால் வைக்க முடியாது. “கடலில எப்பிடியும் மணக்கட்டும், ஹோலுக்கு மனுசரா வரவேணும்” என்பது அம்மாவின் சட்டம். மாதா கோயில் சாமியார் வீடு சந்திக்க வந்தபோது “உங்கட வீட்டில மீன் மணமே இல்லையே” என்று ஏதோ பேச்சுக்குச் சொல்லிவிட்டுப் போனதை அம்மா அடுத்த பெருநாள் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமி என்றது அப்பாவின் தங்கை, பிலோமினா. கணவர் இறந்தபின், பிள்ளைகளும் இல்லாததால், எங்களுடன் வந்து பக்கத்து அறையில் இருந்தார். தன் சோற்றைத் தானே உழைத்துச் சாப்பிட வேண்டும் என்ற பிடிவாதக்காரி. சூடையும் கட்டாவும் வாங்கிக் காயவைத்துச் சாக்குகளில் கட்டி, மன்னார்ச் சந்தைக்கு பஸ்ஸில் கொண்டுபோவார். மடித்துக் கட்டிய சாக்கை அவிழ்க்காமலே, வாயருகில் குனிந்து, உள்ளே இருப்பது இன்ன மீன், உப்புப் போதும், போதாது என்று சொல்லிவிடுவார். மற்றப் பெண்கள் அவரைத் தேடி வந்து தங்கள் சாக்குகளை மணக்கச் சொல்லிக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி மின்சார “மெயின் போர்ட்”. ஹோலின் கடற்பக்கச் சுவரில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் மூலையில், ஒரு மரப்பலகையில் மீற்றரும் ஒரு பெரிய இரும்புக் கைபிடிச் சுவிட்சும் வெள்ளைப் பீங்கான் பியூஸ்கள் மூன்றும் இருந்தன. மின்கசிவு வந்தால் தானே விழுகிற ட்ரிப் சுவிட்ச் என்றொன்று அந்தப் பழைய வீட்டில் இருக்கவில்லை. நான்கு கதிரைகளும் அலுமாரியும் உள்ள ஹோலில் இது அசிங்கமாகத் தெரிகிறது என்று, யன்னல் சேலையில் மிஞ்சிய துண்டில் அம்மா அதற்கும் ஒரு திரை தைத்துப் போட்டிருந்தார். பூப்போட்ட திரை. அதைத் தூக்கிப் பார்ப்பவர் யாருமில்லை. பல்லிகள் மட்டும் பலகைக்குப் பின்னால் முட்டையிட்டுக் குடும்பம் நடத்தின. திரைக்குக் கீழே, காற்றுப் படாத அந்த மூலையில்தான், அப்போது ஆறு மாதக் குழந்தையாக இருந்த என் தம்பிக்குச் சேலையில் கட்டிய ஏணை தொங்கியது.

அந்த வாடைக் காற்றின் தொடக்கத்தில் அப்பா யாரிடமோ இருந்து ஒரு பழைய டீப் பிரீசரைக் கொண்டுவந்து, விலை சரியும் நாட்களில் மீனை வைத்துக்கொள்ளலாம் என்று பின்விறாந்தையில் இறக்கினார். பிரீசர் ஓடத் தொடங்கியதும் பியூஸ் போகத் தொடங்கியது. இரண்டு தடவை அப்பா மெல்லிய பியூஸ் கம்பியைக் கட்டிப் பார்த்தார். மூன்றாம் தடவை பொறுமை இழந்து, வள்ளத்து எஞ்சினுக்கு வாங்கிய வயரில் ஒரு துண்டை உரித்துத் தடித்த செப்புக் கம்பியாக வைத்துப் பூட்டினார். “இனிப் போகாது பார்” என்றார். சொன்னபடி அது போகவில்லை. பியூஸ் என்பது போகவேண்டிய நேரத்தில் போவதற்காகவே இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல அன்று அங்கே ஒருவரும் இல்லை.

மணம் வந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மீன் மணந்தால் மீனைத்தானே தேடுவார்கள்? அம்மா கதிரைகளை இழுத்துப் பார்த்தார், அலுமாரிக்குக் கீழே எலி செத்துக் கிடக்கிறதா என்று தும்புத்தடியை விட்டுக் கிளறினார், தேசிக்காய் பிழிந்த தண்ணீரால் நிலத்தைத் துடைத்தார், சாம்பிராணி போட்டார். ஒரு வாரம் கழித்து அவருடைய பார்வை பக்கத்து அறைக் கதவில் போய் நின்றது.

மாமி முதலில் சண்டை போடவில்லை. சாக்குகளைப் பின்கொட்டிலுக்கு மாற்றினார். மணம் போகவில்லை. சாக்கு இருந்த அறையைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். போகவில்லை. பிறகு, அவருடைய உடுப்புத்தான் மணக்கிறது என்ற பேச்சு வந்தது. அம்மா நேரே சொல்லவில்லை, மாமி கதிரையில் இருந்து எழும்பினால் அந்தக் கதிரையைத் துடைப்பார், அவ்வளவுதான். மாமி ஒரு நாளைக்கு இரண்டு முறை குளிக்கத் தொடங்கினார். வாடைக் குளிரில், நனைந்த தலையோடு, கிணற்றடியிலிருந்து அவர் வருவது இப்போதும் எனக்குத் தெரிகிறது. மாமியை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் அந்த நாட்களில் அவர் பக்கத்தில் வந்து இருந்தபோது நானும் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒருநாள் மாமி ஹோலின் நடுவில் நின்று, கண்களை மூடி, சாக்கை மணப்பது போலவே நிதானமாக மணந்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, “மச்சாள், இது சூடையுமில்லை, கட்டாவுமில்லை, திருக்கையுமில்லை. இது கடலில இருக்கிற ஒண்டும் இல்லை” என்றார்.

“அப்ப என்ன, ஆகாயத்தில இருந்து வந்ததோ?” என்றார் அம்மா.

என்ன மணமில்லை என்று மாமிக்குத் தெரிந்திருந்தது. என்ன மணம் என்று தெரியவில்லை. தன் கருவாட்டைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிற சாட்டு என்றே அது எடுத்துக்கொள்ளப்பட்டது. வள்ளத்தால் வந்த அப்பா, இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு, எஞ்சினில் ஏதோ வேலை இருக்கிறது என்று திரும்பக் கரைக்கே போய்விட்டார். அதற்கு அடுத்த கிழமை மாமி சாக்குகளையும் ஒரு ட்ரங்குப் பெட்டியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு, மன்னாருக்குப் போய், சந்தைக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் இருந்துகொண்டார்.

அவர் போன அன்றே கடல் கொந்தளித்தது. மூன்று நான்கு நாள் வள்ளங்கள் இறங்கவில்லை. மீன் இல்லாததால் அப்பா பிரீசரை நிற்பாட்டினார். ஹோலில் மணமும் நின்றது. அம்மா யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, அப்பாவைப் பார்த்து, “இப்ப சொல்லுங்கோ பாப்பம்” என்றார். கடல் அமர்ந்து, பிரீசர் திரும்பவும் ஓடி, மணம் திரும்பவும் வந்தபோது, “சுவரில ஊறினது போக நாள் செல்லும்” என்று அம்மா தானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தப் பலகை சூடாக இருந்தது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகுமுன், குளிரில் விறைத்த கைகளைத் திரைக்கு அடியில் விட்டு மரத்தின் ஓரத்தில் வைத்துக்கொள்வேன். தேநீர்க் கோப்பையைப் பிடித்திருப்பதுபோல் இதமாக இருக்கும். உள்ளே ஏதோ “சொர்” என்று மெல்லிய சத்தமும் கேட்கும். கையை மணந்து பார்த்தால் அதே மணம் கையிலும் இருக்கும். மாமி சாக்குகளைக் கொட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே இதெல்லாம் எனக்குத் தெரியும். போர்ட்டுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று கட்டளை இருந்ததால், சொன்னால் அடி விழும் என்று வாயைத் திறக்கவில்லை. ஒன்பது வயதுக்கு அது போதுமான காரணமாக இருந்தது.

மாமி போய் ஒரு மாதம் சென்றிருக்கும். ஒரு மத்தியானம், தம்பி ஏணையில் நித்திரை; அம்மா கிணற்றடியில்; நான் நிலத்தில் இருந்துகொண்டு கணக்குச் செய்துகொண்டிருந்தேன். மின்விசிறி ஒருமுறை வேகம் குறைந்து திரும்பவும் ஓடியது. நிமிர்ந்து பார்த்தபோது திரையின் பூக்கள் நடுவில் மண்ணிறமாகிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கவே நெருப்புப் பிடித்தது. நான் கத்தினேன். அம்மா ஓடிவந்து, எரிகிற துணி உதிர்ந்து விழுகிற அந்த மூலைக்குள் கையை விட்டு, ஏணையோடு சேர்த்துப் பிள்ளையை அள்ளி என்னிடம் தந்துவிட்டு, கிணற்றடி வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். “தண்ணி ஊத்தாதேங்கோ அக்கா! தண்ணி ஊத்தாதேங்கோ!” என்று கத்திக்கொண்டே வேலி பாய்ந்து வந்த பக்கத்து வீட்டு அந்தோனி அண்ணை, முற்றத்தில் காய்ந்து கிடந்த துடுப்பொன்றை எடுத்து, எட்ட நின்று மெயின் சுவிட்சின் கைபிடியைத் தட்டி விழுத்தினார். பிறகு முற்றத்து மணலை அள்ளி அள்ளி எறிந்தோம். மன்னாரில் மணலுக்குப் பஞ்சமில்லை. நெருப்பு அடங்கியது, தம்பியின் காதோரத்தில் ஒரு சிறிய கொப்புளம், அம்மாவின் முழங்கையில் ஒரு நீளத் தீக்காயம். இரண்டின் தழும்புகளும் இன்றைக்கும் இருக்கின்றன.

மறுநாள் தாராபுரத்திலிருந்து றசீக் நானா வந்தார், வயரிங் வேலைக்காரர். கருகிய பலகையைக் கழற்றிக் கதிரையில் வைத்து, செம்பில் பச்சையாகப் பூத்திருந்த உப்புக் களிம்பையும், தளர்ந்துபோன திருகாணியையும், அப்பா வைத்த எஞ்சின் கம்பியையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். “ரெண்டு மூணு மாசமா இது உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருந்திருக்கு தங்கச்சி. உங்களுக்கு மணக்கலையா? இந்த வயருக்கு மேல இருக்கிற உறை சூடேறினா அப்படியே மீன் மணம்தான் மணக்கும்” என்றார்.

அவருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. “மீன்காரங்க வீட்டுல எப்படித் தெரியும்?” என்று தானே சிரித்துவிட்டு, கம்பி வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தார். அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார்.

அந்த ஞாயிறு அப்பா மாமியைக் கூட்டிவரப் போனார், தனியேதான் திரும்பினார். மாமி கோபிக்கவில்லை, தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாராம், “நான் இஞ்ச நல்லா இருக்கிறன் அண்ணை” என்றாராம். அம்மா போகவில்லை. போர்ட்டின் மணம்தான் அது என்பதை அவர் மறுத்ததில்லை. “ஆனா கருவாடும் மணந்ததுதான்” என்று ஒரு வால் மட்டும் சேர்த்துக்கொள்வார். அந்த வாலில் அவர் இத்தனை வருடமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறார்.

இப்போது நான் மன்னார் ரவுணில், கழுதைகள் கேற்றைத் தள்ளித் திறந்து வருகிற ஒரு தெருவில் குடியிருக்கிறேன். மரப்பலகையும் வெள்ளைப் பீங்கான் பியூஸ்களும் இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் இல்லை. எல்லோரிடமும் வெள்ளைப் பெட்டியும் பிரேக்கர்களும் ட்ரிப் சுவிட்சும் இருக்கின்றன. பெட்டி புதிதானாலும் உப்புக் காற்று பழையதுதான். ஒவ்வொரு வருடமும் வாடைக் காற்று முடிந்ததும் உரிமம் உள்ள ஒரு வயரிங்காரரைக் கூப்பிட்டு மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை நானே அழுத்துகிறேன். பிரீசரோ ஏசியோ புதிதாக வாங்கினால், பெட்டி தொட்டால் சுட்டால், விளக்கு மங்கி மங்கி எரிந்தால், ஒரே பிரேக்கர் திரும்பத் திரும்ப விழுந்தால், வெள்ளம் வீட்டுக்குள் வந்து போனால், வருடம் முடியும்வரை காத்திருப்பதில்லை. மீன் வாங்காத நாளில் மீன் மணந்தால் அந்த நிமிடமே மெயினை நிற்பாட்டிவிட்டு ஆளைக் கூப்பிடுவேன். பெட்டிக்கு முன்னால் திரை, நாட்காட்டி, மாதா படம் ஒன்றும் கொழுவ விடமாட்டேன். இதில் என்னைக் கொஞ்சம் பைத்தியம் என்றுதான் வீட்டார் நினைக்கிறார்கள்.

இந்த வருடம் வயரிங்காரர் வந்து வேலை செய்துகொண்டிருந்த நாளில், தற்செயலாக மாமி வந்தார். கருவாட்டுத் தொழிலை விட்டுப் பல வருடம், இப்போது தையல். வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

“வாங்கோ மாமி, ஏன் நிக்கிறியள்?” என்றேன்.

“குளிச்சிட்டுத்தான் வந்தனான் பிள்ளை” என்றார்.

அவரை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, வயரிங்காரர் போனதும், எவருக்கும் சொல்லாத அந்தச் சூட்டையும் சத்தத்தையும் கையில் ஒட்டிய மணத்தையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். நான் அன்று வாயைத் திறந்திருந்தால் நீங்கள் அந்த வீட்டை விட்டுப் போயிருக்கத் தேவையில்லை என்றேன். அழுதேன்.

மாமி கோப்பையைக் கீழே வைத்தார். என் தலையில் கை வைத்தார். “எனக்கு ஏன் பிள்ளை சொல்லுறாய்? அது என்ர மணம் இல்லையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். போய்க் கொம்மாவுக்குச் சொல்லு” என்றார்.

அம்மா இங்கிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில்தான் இருக்கிறார். அதற்குப் பிறகு நான்கு தடவை போய்வந்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.