காசிம் பாயின் சிவப்புக் கஞ்சி

காசிம் பாய் இறந்துவிட்டார் என்று, அவர் கடைசியாகக் குடியிருந்த காஹாங் ஊரிலிருந்து வந்த லாரிக்காரர்தான் சொன்னார். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர். அப்போது ஒரு பிள்ளையின் காலுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தேன். நல்லடக்கம் அதற்குள் முடிந்திருந்தது. அவரை அறிந்த உங்களோடு துக்கத்தைப் பகிர்ந்துகொள்ள எனக்கு இந்த எழுத்துதான் மிச்சம்.

எங்கள் தோட்ட வாசலில் அவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். முன்கோபக்காரர். இலையில் சோற்றை மிச்சம் வைத்தவர்கள் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் வெளியே வந்ததில்லை.

அந்த ஆண்டுகளில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் பலருக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவித்தான் நடப்பார்கள். ரப்பர் பாலுக்காக மரம் வெட்டும் செல்லம்மாவின் மூத்த மகனுக்கு ஒரு கண்ணே போய்விட்டது. இளையவள் வள்ளிக்கும் அதே அறிகுறி. செம்பனைப் பழத்திலிருந்து எடுக்கும் சிவப்பு எண்ணெயைத் தினம் சாப்பாட்டில் சேர்த்தால் குணமாகும் என்றார் டாக்டர். புட்டியோடு வீடு வீடாகப் போனேன். சோப்புக்குப் போகிற எண்ணெய் என்று முகத்தைச் சுளித்தார்கள்.

பாயிடம் சொன்னேன். "நோன்பு வருது டிரசரே. கஞ்சியில ஊத்துவோம். எல்லாப் புள்ளைங்களும் வருங்கல்ல?" என்றார்.

நோன்பின் முதல் நாள் மாலை, கஞ்சி அண்டாவைத் திறந்ததுமே எண்ணெய் கலந்திருப்பதை உரக்கச் சொல்லிவிட்டார். செல்லம்மா வெகுண்டு எழுந்தாள்.

"சோப்பு எண்ணெயையா எம்புள்ளைக்குக் குடுக்குறீங்க?"

"ஆமா தாயி. எம்மவளும் இதத்தான் குடிக்கிறா. வேணும்னா நின்னு பாரு."

அவள் வள்ளியை இழுத்துக்கொண்டு போனாள். மற்றவர்களும் போனார்கள். அண்டா நிறையக் கஞ்சி அப்படியே இருந்தது.

தோட்டத்து மேற்பார்வையாளரான கங்காணியார் வந்து, "நாளைக்குச் சொல்லாம ஊத்துங்க பாய். மசாலா வாசத்துல யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"சொல்லிக் கலந்தாத்தான் கங்காணியாரே மருந்து. சொல்லாமக் கலந்தா கலப்படம்," என்றார் பாய்.

மறுநாளும் அதே கஞ்சி. அதற்கடுத்த நாளும். பாயும் மகளும் வாசலில் உட்கார்ந்து குடித்தார்கள். செல்லம்மா தூரத்தில் நின்று அந்தச் சிறுமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாலை கிட்டே வந்து, தான் ஒரு வாய் குடித்தாள். பிறகு கோப்பையை வள்ளியின் வாயில் வைத்தாள். பாய் கரண்டியை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெருநாள் கழிந்தும் கஞ்சி நிற்கவில்லை. ஓர் அந்தி வேளை, வள்ளி தாயின் கையை உதறிவிட்டுச் சாலையோரக் கால்வாயைத் தாண்டி ஓடிவந்தாள். "மெதுவா வா புள்ளே!" என்று பாய் கத்தினார். அவள் அண்ணனின் கண் மட்டும் திரும்பவேயில்லை. அவன் வரும்போதெல்லாம் பாய் ஏனோ யாரையும் திட்டமாட்டார்.

இப்போதும் மருந்து ஊற்றும் முன் புட்டியைப் பிள்ளையின் தாயிடம் காட்டி, உள்ளே இருப்பது இன்னதென்று சொல்கிறேன். சிலர் வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். எனக்கும் கோபம் வரும். அடக்கிக்கொண்டு, மறுநாளும் அவர்களுக்காகக் கதவைத் திறந்து வைக்கிறேன். அந்த முன்கோபக்காரரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பொறுமை இது.