டாக்டர் சொன்னதும் அவர் சொன்னதும்

திருமணமான மறு வருடம் எனக்கு மாதவிலக்கு நின்றது. பிள்ளைதான் என்று வீடே பூரித்தது. பரிசோதனையில் இல்லை என்று வந்தது. கொஞ்ச நாளில், வகுப்பில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே ரவிக்கை நனைந்தது. பால். பிள்ளை பெறாத எனக்குப் பால். சேலையை இழுத்து மூடிக்கொண்டு பாடத்தை முடித்தேன். பிறகுதான் கழிவறைக்குப் போய் அழுதேன்.

கணவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மா நிதானமாக விளக்கினார்.

"மூளைக்கு அடியில பட்டாணி அளவுல பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. பால் சுரக்க வைக்கிற ஹார்மோனை அதுதான் அனுப்பும். மத்த நேரத்துல மூளை அதை அடக்கி வச்சிருக்கும். உங்களுக்கு அதுல சின்னதா ஒரு கட்டி. மூளை சொல்றதைக் கேக்காம அனுப்பிக்கிட்டே இருக்கு. அந்த ஹார்மோன் கூடினா கருமுட்டை வளராது, மாதவிலக்கும் நின்னுரும்."

"புத்துநோயா டாக்டர்?"

"இல்லைம்மா. பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிரும். அப்புறம் பிள்ளை பெத்துக்கலாம்."

கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். ஆரப்பாளையத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், "வீட்டுல நான் பேசிக்கிறேன், நீ ஒன்னும் சொல்ல வேணாம்" என்றார். அந்த ஆதரவில் எனக்குக் கண் கலங்கியது.

அதன்பின் மாமியார் என்னைச் சமையலறைக்குள் விடவில்லை. ஓய்வெடுக்கட்டும் என்று நினைக்கிறார் என்றே நம்பினேன்.

ஒருநாள் நாத்தனார் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மதினி, அண்ணனுக்கு வேற பொண்ணு பாக்குறாங்க. நீங்களே சம்மதிச்சிட்டீங்கன்னு அண்ணன் சொல்லுச்சு. மூளையில கட்டியாம், இனிமே பிள்ளையே பிறக்காதாம்ல?"

அன்று மாலை அவரிடம் கேட்டேன். "டாக்டர் சொன்னப்ப நீங்களும்தான இருந்தீங்க?"

"அம்மாவுக்கு அம்புட்டும் சொன்னாப் புரியாது."

"உங்களுக்குப் புரிஞ்சுச்சுல்ல?"

அவர் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வில்லாபுரத்திலுள்ள அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மாத்திரை வேலை செய்தது. பால் வற்றியது, சில மாதங்களில் மாதவிலக்கும் வந்தது. அவருக்குப் பார்த்திருந்த சம்பந்தம் முறிந்தபின் அவர் வந்து வாசலில் நின்றார்.

"சரியாயிருச்சாமே. கிளம்பு, போவோம்."

"சரியாகும்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியும். நான் வரலை."

அவர் போனபிறகு கதவைச் சாத்தினேன்.

இப்போதும் அவ்வப்போது ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன். கூட வரட்டுமா என்று அம்மா கேட்பாள். அவள்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனாலும் வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தனியாகத்தான் போகிறேன்.