ஸ்டார் கொடுக்கிற டீச்சர்

நான் பி.எட். படித்தபோது, பிள்ளைகள் பாடம் படிக்க ஆளுக்கொரு வெப்சைட் செய்யச் சொன்னார்கள். செய்து முடித்ததும் ஒருவர் வெப்சைட்டைப் பற்றி மற்றவர் கருத்து எழுதி, பரீட்சைக்குக் காட்டும் தன் ரெக்கார்டில் சேர்க்க வேண்டும். எல்லோரும் எல்லோருக்கும் 'மிக அருமை' என்று எழுதினோம். நானும்தான். எழுதும்போது எனக்குக் கொஞ்சம்கூடக் கூசவில்லை.

பிறகு மணமேல்குடிக்குத் தெற்கே கடலோரப் பள்ளி ஒன்றுக்குப் பயிற்சிக்குப் போனேன். எங்கள் வகுப்பு வெப்சைட்டுகளை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டினேன். அங்கேதான் மானம் போனது. ஊரில் காதுகுத்துக்கு பிளெக்ஸ் வைப்பது மாதிரி, எல்லோரும் முதல் பக்கத்தில் பிரின்சிபால் படம், எங்களுக்குப் பாடமெடுத்த சார் படம், கீழே கைகூப்பியபடி தங்கள் படம் என்று அடுக்கியிருந்தோம். கல்லூரிக் கம்ப்யூட்டரில் அது லட்சணமாகத்தான் இருந்தது. போனில் பிள்ளைகள் விரலால் தள்ளிக்கொண்டே போகிறார்கள், பாடம் வரவே இல்லை. ஒருத்தி பிரின்சிபால் படத்தைக் காட்டி, "இவருதான் கணக்கக் கண்டுபிடிச்சவரா டீச்சர்?" என்று கேட்டாள்.

என்னுடையது மட்டும் என்ன ஒழுங்கு? தினமும் வந்து பின்னக் கணக்குப் போட்டால் ஒரு ஸ்டார். ஒரு நாள் வராவிட்டால் சேர்த்த ஸ்டார் எல்லாம் போய்விடும். அப்போதுதான் பிள்ளைகள் விடாமல் படிப்பார்கள் என்று பெருமையாக விளக்கம் வேறு எழுதியிருந்தேன்.

அந்த வகுப்பில் ஒரு சிறுமி பின்னக் கணக்கை அவ்வளவு பிரியமாகப் போடுவாள். அவள் வீட்டில் ஒரே போன். அவள் அப்பாவும் சித்தப்பாவும் சாயங்காலம் ஃபைபர் படகில் வலை போடப் போனால் காலையில்தான் கரைக்கு வருவார்கள். அவள் கணக்குப் போட உட்காருவதற்குள் போனும் அவர்களோடு போய்விடும். மூன்று தடவை அவள் ஸ்டார் எல்லாம் அழிந்தன. நான்காம் தடவை அவள் போனை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டாள். அப்பா தேடிப் பார்த்துவிட்டுப் போனில்லாமலே கிளம்பிவிட்டார்.

அன்றைக்குப் பார்த்து எஞ்சின் நின்றுவிட்டது. கரை விளக்குகள் தெரிகிற தூரம்தான், ஆனால் கூப்பிடப் போன் இல்லை. மறுநாள் மதியம் வேறு படகுக்காரர்கள் பார்த்து இழுத்து வந்தார்கள்.

அதற்கு அடுத்த நாள் அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். "நீங்கதான் ஸ்டார் குடுக்குற டீச்சராங்க?" என்றார். ஆமாம் என்றேன். "விடிஞ்சதுலருந்து கடக்கரையில நின்னேங்க. எம்புள்ள அழுதுக்கிட்டே போன கொண்டாந்து குடுக்குது. அது ஒங்களுக்குப் பயந்து ஒளிச்சிருக்குங்க." சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த அம்மா திட்டவே இல்லை.

கல்லூரிக்குத் திரும்பியதும் என் ரெக்கார்டில் நான் எழுதியிருந்த 'மிக அருமை' எல்லாவற்றையும் கிழித்தேன். புதிதாக எழுதினேன், முதலில் என் வெப்சைட்டைப் பற்றி இரண்டு பக்கம். அரிசிப் பானை, எஞ்சின், அந்த அம்மா சொன்ன வார்த்தை, ஒன்றையும் விடவில்லை. பிறகு மற்றவர்களுடையதைப் பற்றி. வகுப்பே என்னோடு பேச்சை நிறுத்தியது. கூடவே உட்காருகிறவள் மட்டும், "அதுக்குத்தான் பிள்ளைக கையில போனே குடுக்கக் கூடாதுங்கிறது" என்றாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அந்தப் பிள்ளை பின்னக் கணக்குப் படித்ததே அந்த போனில்தான். பொழுது சாய்ந்தால் எந்த வீட்டில் போன் இருக்கும், எந்த வீட்டில் இருக்காது என்று ஒரு வார்த்தை கேட்காமல் செய்தது நாங்கள். தப்பை ஏன் போன் தலையில் கட்ட வேண்டும்?

சார் கூப்பிட்டார். "எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வர்றாங்கம்மா. காலேஜுக்குக் கெட்ட பேரு. அந்த ரெண்டு பக்கத்த எடுத்துரு, மார்க்க நான் பாத்துக்கிறேன்."

"எடுக்க மாட்டேன் சார்."

"இன்டர்னல் மார்க்குல கை வச்சுருவேன்."

"வச்சுக்குங்க சார்."

பயமில்லை என்று இப்போது அளந்துவிட மாட்டேன். அந்த மார்க் எனக்கு வேண்டியிருந்தது. சார் ரெக்கார்டைப் பிடுங்கி, அந்த அம்மா சொன்னதை எழுதியிருந்த பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் 'நீக்கவும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அன்று சாயங்காலமே அந்தப் பக்கத்தை எடுக்காமல், அவர் கையெழுத்தோடு அப்படியே, ரெக்கார்டைப் பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டேன்.