பருத்திக்குக் கரிச்சோறு

குன்னத்துக்குக் கிழக்கே, சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் மண்சாலையை ஒட்டி, கொளஞ்சியம்மாளுக்கு ஒன்றரை ஏக்கர் பருத்திக் கொல்லை. அடுத்த கொல்லை என்னுடையது. லாரிகள் போகப் போக இலையெல்லாம் மாவு பூசியதுபோல் வெளுத்துவிடும். நாங்கள் லாரிக்காரனைத் திட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். அவள் மட்டும் தெளிப்பானில் வெறும் தண்ணீரை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு, வாரம் இரண்டு முறை சாலையோரச் செடிகளைக் கழுவிவிடுவாள். தலைக்கு எண்ணெய் தேய்க்கவில்லையா என்று கேலி செய்வேன். ஆனால் அவள் செடியில்தான் காய் கொத்துக் கொத்தாக இருக்கும். எனக்கு வயிறு எரியும்.

அவளுக்கென்று இருந்தது தம்பி அன்பழகன் ஒருவன்தான். அப்பா செத்தபிறகு ஊரார் கொல்லைகளில் களை வெட்டி, அவனை அரியலூரில் கல்லூரிக்கு அனுப்பித் தாவரவியல் படிக்க வைத்தாள். யாராவது கல்யாணப் பேச்செடுத்தால், அவன் படிப்பு முடியட்டும் என்பாள். முடிந்தபோது பேச்செடுக்க ஆளில்லை. அவன் அந்த லாரிகளை விடும் கல்சுரங்க ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தான். ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தால் பேசிச் சமாளிப்பதுதான் வேலை.

மழை ஏமாற்றிய கார்த்திகையில் அவன் அக்காவின் கொல்லைக்கே வந்தான். செடி காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இலை வழியாக எடுத்து, தண்ணீரோடும் வெயிலோடும் சேர்த்துத் தனக்கு வேண்டிய சோற்றை ஆக்கிக்கொள்கிறது என்று விளக்கினான். நானும் நின்று கேட்டேன். கொளஞ்சியம்மாள் அதில் ‘கரி’யை மட்டும் பிடித்துக்கொண்டாள். லாரிப் புகையில் வருவது கரி, இலையில் தூசியாகப் படிவதும் அதுதான் என்று நினைத்து, பயிரின் சோற்றையா இத்தனை நாள் கழுவிக் கொட்டினேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவன் சிரித்தான், மறுத்து எதுவும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். தம்பி கொடுத்ததைப் படித்தா பார்ப்பார்கள்? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அன்றோடு அவள் கழுவுவதை விட்டாள். அவளைப் பார்த்துக் கழுவ ஆரம்பித்திருந்த என்னையும், விவரம் கெட்ட ஜென்மம் என்று திட்டினாள். பனியில் நனைந்த தூசி இலைமேல் காரைபோல் இறுகியது. தை பிறப்பதற்குள் மொட்டெல்லாம் கொட்டிவிட்டது.

வேளாண்மை ஆபீசிலிருந்து வேணி என்ற பெண் வந்து பார்த்தார். ஈரத்துணியால் ஓர் இலையைத் துடைத்தார். கரியமில வாயு கண்ணுக்கே தெரியாது, இலையின் நுண்ணிய துளைகள் வழியாகத்தான் உள்ளே போகும், தூசி அந்தத் துளைகளையும் அடைத்து வெயிலையும் மறைத்துவிடும் என்றார்.

“உங்க செடி பட்டினி கெடந்துருக்குங்கம்மா.”

அப்போதும் கொளஞ்சியம்மாள் தம்பியைக் குறை சொல்லவில்லை. தான்தான் தப்பாகப் புரிந்துகொண்டதாகச் சொல்லி அழுதாள்.

லாரிகளுக்குத் தார்ப்பாய் போட வேண்டும், சாலைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று ஊரே சேர்ந்து மனுக் கொடுத்தோம். சமுதாயக்கூடத்தில் விசாரணை நடந்தது. சுரங்கத்தின் தரப்பில் ஒரு தாளை வாசித்தார்கள். தூசியால் தன் பயிருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, நன்மையே என்று கொளஞ்சியம்மாள் எழுதிக் கொடுத்ததாக இருந்தது. சாலையோர நிலக்காரியே இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது என்றார் விசாரிக்க வந்த அதிகாரி. தாளை வாசித்தவன் அன்பழகன். அவனை அங்கேயே அறையலாம்போல் இருந்தது எனக்கு.

கொளஞ்சியம்மாள் எழுந்து அவனிடம் போனாள்.

“நான் பொய் சொல்லலக்கா. செடி கரியமில வாயுவைத்தான் எடுத்துக்குது. புஸ்தகத்துலயே இருக்கு.”

“இருக்கட்டும். நான் தூசியத்தான் கரின்னு நெனச்சுக்கிட்டேன்னு ஒனக்கு எப்ப தெரிஞ்சுது?”

அவன் தாளை மடித்தான்.

“அன்னைக்கேக்கா” என்றான்.