வீடு என்று எழுதி வூடு என்று படித்தவர்கள்

நார்வே தொலைக்காட்சியில் பேசுவதும் நார்வேஜிய மொழி, அடியில் ஓடும் எழுத்தும் அதே மொழி. காது கேளாதவர்களுக்காம். அதைப் பார்த்துப் படிக்கும்படி மொழி வகுப்பு ஆசிரியை எங்களிடமும் சொல்லியிருக்கிறார். அறுபதை நெருங்கும் வயதில் எழுத்துக்கூட்டுகிறேன். வீட்டுக்கு அவர்கள் சொல் 'ஹ்யெம்'. எழுத்தில் முதலில் 'ஹ' நிற்கிறது. வாயில் 'யெம்' மட்டும்தான் வருகிறது. முதன்முறை கேட்டபோது அஞ்சலையை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

என் நாட்குறிப்பின்படி அஞ்சலை என்னிடம் படித்தது 1987 செப்டம்பரில். வடக்கனந்தலில் ஊர்ப் பொதுத் தொலைக்காட்சியின் முன் முதியோர் வகுப்பு நடத்திவந்தேன். திரையில் ஓர் அம்மையார் வீட்டுப் படத்தைக் காட்டி 'வீ' என்பார். கரும்புக்குக் களை வெட்டிவிட்டு வந்த பெண்கள் ஒரே குரலில் 'வூ' என்பார்கள்.

"அக்கா, அது வீ."

"படத்துல கீறது வூடுதான சார்?" என்றார் அஞ்சலை.

"வூடுதான். எழுதறப்ப வீடு."

"பேசறது ஒண்ணு, எழுதறது ஒண்ணா? அந்தம்மாவ ஒரு தபா நம்ம தெருவுக்கு வந்து கேக்கச் சொல்லுங்க."

அஞ்சலையின் மகளும் மருமகனும் வேலைக்காகக் கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் இருந்தார்கள். மகளுக்கு நிறைமாதம். பிரசவத்துக்கு அழைத்துவரக் கிளம்பவிருந்த நாளில், இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் வரவில்லை. நாலாம் நாள், மலையிலிருந்து நடந்து இறங்கியவர்கள் கைமாற்றிக் கொடுத்த கடிதம் வகுப்புக்கே வந்தது. கொண்டுவந்தவருக்குச் சேதி தெரியாது.

நான் கை நீட்டினேன். அஞ்சலை கொடுக்கவில்லை.

"எம் பொண்ணு சேதி. நான்தான் படிப்பன்."

தொலைக்காட்சியை நிறுத்தினோம். அவர் விரல் வைத்து எழுத்தெழுத்தாக நகர்ந்தார்.

"பெ... ண் கு... ழ... ந்... தை. வூ... ட்... டி... லே... யே..."

அங்கே நின்றுவிட்டார்.

"பி... ற... ந்... த... து. இருவரும்... ந... ல... ம்."

கடிதத்தில் 'வீ' என்றுதான் இருந்தது. நான் திருத்தவில்லை.

"நல்ல வேள வூன்னு படிச்ச," என்றார் பக்கத்திலிருந்த பெண். "வீன்னு கூட்டிக்கினு இருந்தா பொறக்க இன்னும் ரெண்டு நாளாயிருக்கும்."

போன வாரம் கடையிலிருந்து பால் வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். பக்கத்து வீட்டு அம்மா "ஸ்கால் டு யெம்?" என்றார். வீட்டுக்கா என்று கேட்கிறார்.

"ஜனவரியில். பொங்கலுக்கு," என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். "அதுவரை பால் தாங்காதே," என்றார்.

அன்றைய நாட்குறிப்பில் அந்தச் சொல்லை அவர்கள் எழுத்திலேயே, 'ஹ'வை விடாமல் எழுதினேன். திரும்பப் படித்தபோது வாயில் வூடு என்றே வந்தது.