பகல் சங்கு

ஆளுயர மரக்குழலான பசூனை வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. போனில் வீடியோ பார்த்துத்தான் பழகினேன். ஆபீசுக்கு லீவு போட்டிருந்த ஒரு மதியம், குவார்ட்டர்ஸ் அடங்கிக் கிடந்தபோது, சீவாளியை நனைத்துப் பொருத்தி, தம் கட்டி ஆகத் தாழ்ந்த சுரத்தைப் பிடித்தேன். நடுங்காமல் நீண்டது. பெருமை தாங்கவில்லை.

சற்று நேரத்தில் ஜன்னல் வழியே பார்த்தால், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் யூனிபார்மும் ஹெல்மெட்டுமாக பஸ் ஸ்டாப்புக்கு ஓடிக்கொண்டிருந்தார். என் சுரத்தை ஆலையின் ஷிப்ட் சங்கு என்று நினைத்துவிட்டார். கூப்பிட்டு நிறுத்த எனக்கு வாய் வரவில்லை. அங்கே யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தார். நான் ஜன்னலை விட்டு நகர்ந்துகொண்டேன்.

சாயங்காலம் அவர் மனைவி வந்தார். "சார், மத்தியானம் என்னமோ ஊதிக்கினு இருந்தீங்களே" என்று தொடங்கினார்.

"ஊதலம்மா. வாசிச்சேன்" என்றேன் வெடுக்கென்று.

அவர் முகம் மாறவில்லை. "சரிங்க சார். எப்ப வாசிப்பீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா, அவரு அதுக்குள்ள தூங்கி எந்திரிச்சிடுவாரு."

அவர் ‘வாசிப்பீங்க’ என்றுதான் சொன்னார். எனக்குத்தான் காது கூசியது.